குனியாதே அக்கா

பிரேசர் டவுன்,
3 பிப்ரவரி 2025

டேய் கோவிந்தா,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற. மகா போன்ல இருந்து பண்ணாலும் என் குரலைக் கேட்டதும் வெச்சுடற. கடுதாசியை அப்படிக் கட் பண்ண முடியாது பாரு. கிழிச்சுப் போடலாம். ஆனா என் தம்பியை எனக்குத் தெரியும், படிச்சுட்டுத்தான் கிழிப்ப.

எழுத்து கோணலா, பெருசு பெருசா இருக்கும். திட்டாத. கண்ணு தெரியல. அதைச் சொல்லத்தான் எழுதறேன்.

இடது கண்ணு சின்ன வயசுலயே அம்மை போட்டுப் போயிடுச்சு. மிச்சம் இருந்த ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டுத்தான் கார்மென்ட்ஸ் செக்கிங் டேபிள்ல அத்தனை வருஷம் உக்காந்தேன். எங்கயாவது ஒரு தையல் விட்டிருந்தா, ரெண்டு கண்ணுக்காரிங்க பாக்கறதுக்கு முன்னாடி நான் அந்த பீஸை எடுத்துத் தனியாப் போட்டுடுவேன். இப்ப அந்தக் கண்ணுலயும் புரை வந்து கல்லு மாதிரி இறுகிப் போச்சாம். "இவ்ளோ நாள் என்னம்மா பண்ணீங்க?"ன்னு டாக்டர் கேட்டாங்க. பயந்துக்கிட்டு இருந்தேன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? இருக்கறதே ஒண்ணு. அதுல கத்தி வெக்கச் சொல்ல யாருக்குடா தைரியம் வரும்?

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். டாக்டர் பேரு சௌம்யா. சின்னப் பொண்ணு, நம்ம மகாவுக்கு அக்கா மாதிரி இருப்பாங்க. கன்னடக்காரங்க, தமிழும் நல்லாப் பேசறாங்க.

எல்லாம் நல்லபடி ஆகும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. ஆகலைன்னா? அப்புறம் எனக்குப் பகலும் ராத்திரியும் ஒண்ணுதான். அதுக்கு முன்னாடி உன் மூஞ்சியை ஒரு வாட்டி பாத்துக்கணும்னு இருக்கு. மங்கலாத்தான் தெரியும், பரவால்ல. வர்றதும் வராததும் உன் இஷ்டம்.

உன் அக்கா
சொர்ணம்


ஆனேக்கல்,
6 பிப்ரவரி 2025

திருமதி சொர்ணம் அவர்களுக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. இங்க எல்லாரும் நலம்.

ஆபரேஷனைப் பத்திப் பயப்பட வேணாம். இப்பல்லாம் அது சாதாரணம். எங்க தெருவுலயே எத்தனையோ பேர் பண்ணிக்கிட்டு வந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு சீரியல் பாக்கறாங்க. என்னால வர முடியாது. சந்தாபுரா பக்கம் ஒரு அபார்ட்மென்ட்ல டைல்ஸ் வேலை ஒத்துக்கிட்டிருக்கேன். மேஸ்திரி பக்கத்துல இல்லைன்னா பசங்க ஒரு பாத்ரூமுக்குக் கூடத் தண்ணி ஓடற மாதிரி ஒழுங்கா வாட்டம் வெக்க மாட்டாங்க.

வேலை மட்டும்தான் காரணம்னு பொய் சொல்லவும் எனக்கு வராது. மகா கல்யாணத்துல தாய்மாமன்னு அட்சதையைக் கையில வெச்சுக்கிட்டு மேடையில நின்னேன். என் பொண்டாட்டி வீட்டு ஆளுங்க அத்தனை பேரும் ஓசூர்ல இருந்து வந்து கீழ நிக்கறாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் கால்ல விழுவாங்க, ஆசீர்வாதம் பண்ணலாம்னு நின்னவனுக்கு மகா ஒரு கும்பிடு போட்டுட்டு நகந்துட்டா. மறந்துட்டா போலிருக்குன்னு நானே மெதுவாக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? "என் பொண்ணு யார் கால்லயும் விழமாட்டா, உன் கால் என்ன சாமி காலா?"ன்னு மண்டபத்துக்கே கேக்கற மாதிரி சொன்னீங்க. என் மச்சான் சிரிச்சான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. கை நனைக்காம எழுந்து வந்தேன். ஆனேக்கல் பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்.

அப்பா சொன்னது எனக்கும் தெரியும். துரை பங்களா வாசல்ல தாத்தா விழுந்து எழுந்ததே நம்ம வம்சத்துக்குப் போதும், கையைக் கூப்புங்க, எவன் கால்லயும் விழாதீங்கன்னு புத்தர் படத்துக்கு முன்னாடி நிக்க வெச்சுச் சொன்னாரே, நானும் பக்கத்துலதானே நின்னேன். ஆனா நான் கட்டிக்கிட்ட வீட்டுல வேற வழக்கம். ரெண்டுக்கும் நடுவுல நிக்கறவன் நான். என்னை அங்க வெச்சு அறுத்திருக்க வேணாம்.

சுகர் மாத்திரையை விட்டுடாதீங்க. அந்த டாக்டருக்குக் கை நடுங்காம இருக்கான்னு பாத்துக்கங்க.

இப்படிக்கு
கோவிந்தன்


ஆஸ்பத்திரி,
11 பிப்ரவரி 2025

டேய் கோவிந்தா,

சொல்றது நான், எழுதறது மகா. "அவர்களுக்கு"வாம், "நீங்க"வாம். நான் என்ன தாசில்தாரா? அந்தச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். இப்ப நான் சொல்லப் போறதைக் கேளு. யார் கிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுடும்.

கண்ணுல சொட்டு மருந்து விட்டு மரத்துப் போக வெச்சாங்க. முழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். வலியே இல்ல. மேல வெளிச்சம். ஊதா, ரோஸு, பச்சைன்னு என்னென்னமோ கலர் தண்ணிக்குள்ள மிதக்கற மாதிரி வந்து வந்து போச்சு. அடடா, கண்ணை அறுக்கறப்ப இவ்ளோ அழகா இருக்கும்னு எவளாவது எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா இத்தனை நாள் பயந்திருக்க மாட்டேனே!

டாக்டரம்மா என் கிட்டப் பேசிக்கிட்டே பண்ணாங்க. என்ன சமையல், எத்தனை பசங்கன்னு. திடீர்னு பேச்சு நின்னுடுச்சு. எனக்குத் தெரியாதாடா? டேபிள்ல சூப்பர்வைசர் பேச்சை நிறுத்தினா துணியில என்னமோ இருக்குன்னு அர்த்தம்.

"சொர்ணம்மா, அல்லாடபேடி. அசையவே கூடாது. ஒண்ணு ஆகியிருக்கு. மறைக்க மாட்டேன், சொல்லிக்கிட்டே பண்றேன்"னாங்க. புரையை எடுத்தாச்சாம், லென்ஸும் வெச்சாச்சாம். ஆனா கருவிழிக்கு உள்பக்கம் ஒரு ஜவ்வு ஒட்டிக்கிட்டு இருக்குமாம். கண்ணுல கீறின இடத்துல அது பிரிஞ்சு, உள்ள தொங்குதாம். அந்த ஜவ்வுதான் கருவிழிக்குள்ள தண்ணி ஊறாமப் பாத்துக்கறதாம். அது மறுபடி ஒட்டலைன்னா கருவிழி ஊறிப் போய் வெள்ளை பூத்துடுமாம். எவ்ளோ மெல்லிசும்மான்னு அப்புறமாக் கேட்டேன். ஒரு தலைமுடியை எடுத்து நீளவாக்குல ஏழெட்டா கிழிச்சா அதுல ஒண்ணு அளவாம்!

அதை எப்படி ஒட்டுவ சொல்லு. தைக்க முடியுமா, கோந்து போட முடியுமா? அந்தப் பொண்ணு ஒரு ஊசியில காத்தை எடுத்து என் கண்ணுக்குள்ள விட்டுது. காத்துடா கோவிந்தா! நீயும் நானும் இழுத்து விடற காத்து! அது ஒரு குமிழியா உள்ள நின்னுக்கிட்டு ஜவ்வை மெதுவா மேல தள்ளி, இருந்த இடத்துலயே ஒட்ட வெக்குமாம். சட்டைக் காலருக்குள்ள வெக்கற லைனிங் விட்டுப் போய்க் கொப்புளிச்சுக்கிட்டா பிரஸ்ஸுல வெச்சு அமுக்கி ஒட்டுவோமே, அது மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா எங்க பிரஸ்ஸு எவ்ளோ பெரிய இரும்பு. இது வெறும் காத்து.

குமிழி மேல பாத்துதான் போகுமாம். அதனால நான் மல்லாந்து படுத்துக்கிட்டு, மூக்கு கூரையைப் பாக்கற மாதிரியே கிடக்கணும். டாக்டரம்மா சாப்பிடக் கூடப் போகாம வந்து வந்து பாத்துட்டுப் போறாங்க. கட்டுக்குள்ள இருட்டா இருக்கு, ஆனா எனக்கு இப்பப் பயம் இல்ல. உள்ள ஒரு ஆளு காவலுக்கு நிக்கற மாதிரி இருக்கு.

சொர்ணம்

(மாமா, நான் மகா. அம்மா சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதியிருக்கேன். என் வீட்டுக்காரர் ஹரிஷோட கம்பெனி சந்தாபுராவுலதான் இருக்கு. உங்க சைட்டுக்கே கொண்டு வந்து குடுப்பார். எங்க மேல இருக்கற கோவத்துல வாங்காம விட்டுடாதீங்க.)


ஆனேக்கல்,
12 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

மாப்பிள்ளை சைட்டுக்கு வந்து கடுதாசியைக் குடுத்தாரு. டீ வாங்கிக் குடுத்தேன். அவர் மேல எனக்கு என்ன இருக்கு?

சிமென்ட் மூட்டை மேல உக்காந்து ரெண்டு தரம் படிச்சேன். பசங்க "என்ன மேஸ்திரி, யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேக்கறாங்க. எங்க அக்கா கண்ணுக்குள்ள காத்தை வெச்சிருக்காங்கடான்னு சொன்னா ஒருத்தனும் நம்பல. எப்படி நம்புவான்? எங்க வேலையில டைல்ஸுக்கு அடியில காத்து போச்சுன்னா வேலை கெட்டுதுன்னு அர்த்தம். தட்டிப் பாத்து, டொக்குன்னு சத்தம் வந்தா உடைச்சு எடுத்துடுவோம். அங்க என்னடான்னா அந்தக் காத்தை வெச்சே ஒட்டறாங்க. அந்த டாக்டரம்மாவுக்கு எப்படி மனசு வந்துச்சோ, அந்த நேரத்துல கை பதறாம!

அப்புறம் தரை மட்டமா இருக்கான்னு பாக்கற ரசமட்டத்தைக் கையில எடுத்தேன். வேலைக்கு வந்த நாள்ல இருந்து அதுல இருக்கற குமிழியைப் பாத்துக்கிட்டுத்தான் பொழைக்கறேன். ஒரு நாளும் அதிசயமாத் தோணல. இன்னைக்கு அதைச் சாச்சேன், நிமித்தினேன், தலைகீழாத் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் குமிழி ஓடிப் போய் மேல இருக்கற பக்கத்துல நின்னுக்குது. அப்பதான் எனக்கு உறைச்சுது. நீ மல்லாந்து படுத்திருந்தா உன் கருவிழி மேல் பக்கம், குமிழி அதை முட்டிக்கிட்டு நிக்கும். நீ குனிஞ்சியோ, கண்ணோட பின் பக்கம்தான் மேல ஆயிடும். குமிழி அங்க ஓடிடும், ஜவ்வு அனாதையா நிக்கும்.

அதனால அக்கா, குனியாத. செருப்பு மாட்டக் கூடக் குனியாத. எது கீழ விழுந்தாலும் மகா எடுத்துக் குடுக்கட்டும். குனியாம இருக்கறது உனக்கு ஒண்ணும் புதுசு இல்லையே.

கோவிந்தன்


பிரேசர் டவுன்,
14 பிப்ரவரி 2025

கோவிந்தா,

இதையும் மகாதான் எழுதறா.

உன் கடுதாசி வந்து சேர்றதுக்கு முன்னாடியே நான் குனிஞ்சு முடிச்சுட்டேன்டா.

புதன்கிழமை காலையில டாக்டரம்மா வந்து கட்டைப் பிரிச்சாங்க. முதல்ல புகை மாதிரி இருந்துச்சு. அப்புறம் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு நடுவுல ஒரு வட்டம் ஆடிக்கிட்டு இருந்துச்சு. குமிழியோட ஓரமாம் அது. அதைத் தாண்டி அவங்க விரல் தெரிஞ்சுது. எத்தனைன்னு கேட்டாங்க, ரெண்டுன்னேன். அவங்க காதுல போட்டிருந்த சின்னத் தோடு மினுக்குனு ஒரு மினுக்கு மினுக்குச்சு. கிட்டப் போய் இன்னொரு வாட்டி பாக்கணும் போல இருந்துச்சு.

அப்ப என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. யாரும் கேக்கல. யாரும் எதிர்பாக்கல. கட்டிலை விட்டு இறங்கி, அந்தப் பொண்ணு கால்ல, என் பொண்ணு வயசுப் பொண்ணு கால்ல, நெத்தி தரையில படற மாதிரி விழுந்துட்டேன். நான்! மண்டபத்துல அத்தனை பேர் முன்னாடி உன்னை அந்தக் கேள்வி கேட்ட நான்! உடம்பு தானா மடங்கிப் போச்சுடா.

"அய்யோ, பேடா அம்மா, வேணாம்!"ன்னு அவங்க கத்தின கத்துல நர்ஸுங்க எல்லாம் ஓடி வந்துட்டாங்க. தூக்கிப் படுக்க வெச்சாங்க. மத்தியானத்துக்குள்ள வெளிச்சம் பாலாப் போச்சு. கண்ணைத் தொறந்து வெச்சா பால், மூடினா இருட்டு. ஸ்கேன்ல ஜவ்வு மறுபடி பிரிஞ்சு தொங்குதாம்.

நான் அழுதேன். அழக் கூடாதுன்னு சொன்னதும் அதையும் நிறுத்த வேண்டியதாப் போச்சு. டாக்டரம்மா திட்டுவாங்கன்னு பாத்தா, என் கையைப் புடிச்சுக்கிட்டு, "நீங்க குனிஞ்சதாலதான்னு நான் சொல்ல மாட்டேன் அம்மா, சில பேருக்குச் சும்மா படுத்திருந்தாலும் பிரியும். ஆனா இனிமே என்னைக் கும்பிடணும்னா மல்லாந்து படுத்துக்கிட்டுக் கும்பிடுங்க"ன்னாங்க. அந்த நிலைமையிலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

அன்னைக்கு சாயங்காலமே மறுபடி ஊசி. இந்த வாட்டி வெறும் காத்து இல்ல. சீக்கிரம் கரையாத ஒரு வாயுவைக் கலந்து விட்டிருக்காங்க. இது கரையற வரைக்கும் ஏரோப்ளேன் ஏறக் கூடாதாம். மேல போகப் போக உள்ள இருக்கற குமிழி பெருசாகுமாம். நான் எங்கடா ஏரோப்ளேன் ஏறப் போறேன்? ஆனா நினைச்சுப் பாரு. ஊசி முனையில வந்த ஒரு குமிழி, வானம் எவ்ளோ ஒசரம்னு அதுக்குத் தெரியுது.

இப்ப வீட்டுல கிடக்கறேன். சாப்பிடவும் பாத்ரூம் போகவும் மட்டும்தான் எழுந்திரிக்கலாம். இந்த வாட்டியும் ஒட்டலைன்னா வேற ஆள் கண்ணுல இருந்து ஜவ்வு எடுத்து வெக்கணுமாம். அது எப்பக் கிடைக்கும், என் கண்ணு ஏத்துக்குமான்னு யாராலயும் இப்பச் சொல்ல முடியாது. இன்னும் பால்தான் தெரியுது. யாராவது என் மூஞ்சிக்கு நேரா குனிஞ்சு நின்னா ஒரு நிழல் விழுது, அவ்ளோதான். பக்கத்துல நிக்கறவங்க எல்லாம் எனக்கு வெறும் குரல்.

மகா யார் கால்லயும் விழாதது சரிதான். அதுல நான் மாற மாட்டேன். ஆனா மண்டபத்துல நான் கத்தினது அதிகம்.

பயமா இருக்குடா.

சொர்ணம்


சந்தாபுரா சைட்,
15 பிப்ரவரி 2025

அக்கா,

மாப்பிள்ளை கிளம்பறாரு, நின்னுக்கிட்டே எழுதறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வரேன். நீ எழுந்திரிக்காத. வாசல்ல வந்து நிக்காத. எனக்காகத் தலையைக் கூடத் திருப்பாத. உன் கண்ணு பாக்கற இடத்துக்கு நானே வந்து நிக்கறேன்.

பசங்க பாத்ரூமுக்கு வாட்டம் தப்பா வெச்சா வெக்கட்டும், எடுத்து மறுபடி போட்டுக்கலாம்.

கோவிந்தன்


பிரேசர் டவுன்,
5 மார்ச் 2025

டேய் கோவிந்தா,

இது நானே எழுதறது. எழுத்து எவ்ளோ சின்னதா இருக்கு பாத்தியா? கோடு போடாத காயிதத்துல வரி நேரா போகுதா? உன் ரசமட்டத்தை வெச்சு வேணா பாத்துக்க.

நேத்து டாக்டரம்மா பாத்துட்டு, ஜவ்வு ஓரம் வரைக்கும் அப்படியே ஒட்டியிருக்கு, கருவிழி கண்ணாடி மாதிரி ஆயிடுச்சுன்னு சொன்னாங்க. அவங்க அதைச் சொல்றப்ப அவங்க புருவத்துல ஒரு முடி நரைச்சிருந்தது எனக்குத் தெரிஞ்சுது. அவங்க கிட்டச் சொல்லல. படுத்துக்கிட்டே கும்பிட்டேன். அவங்களும் சிரிச்சுக்கிட்டே கும்பிட்டாங்க.

குமிழி போயிடுச்சு. நாளாக நாளாகச் சின்னதாகிக்கிட்டே வந்துச்சு. ஒரு நாள் காலையில கடுகு அளவுக்கு ஓரத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு, சாயங்காலம் தேடினேன், காணோம். மகா கிட்டச் சொன்னா சிரிப்பா, ஆனா எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. எவ்ளோ பெரிய வேலையைச் செஞ்சுட்டு ஒரு சத்தம் இல்லாமப் போயிடுச்சு. எங்க போச்சு? என் ரத்தத்துல கலந்து, மூச்சுல வெளிய போயிருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்க. நான் விட்ட மூச்சுல எதுல போச்சுன்னு தெரியல.

அந்த ஞாயித்துக்கிழமையைப் பத்தி நீயும் ஒண்ணும் சொல்லல, நானும் சொல்லல. இப்பச் சொல்றேன்.

நீ வந்தது எனக்கு முதல்ல சிமென்ட் வாசனையாத்தான் தெரிஞ்சுது. கட்டில் கால் மாட்டுல நின்ன. "எப்படி இருக்க?"ன்னு கேட்ட. குரல்தான் வந்துச்சு, ஆளைக் காணோம். பழக்க தோஷத்துல நான் தலையைத் தூக்கப் போனேன். "ஏய், தூக்காத!"ன்னு நீ போட்ட சத்தத்துல அடுப்பங்கரையில மகா எதையோ கீழ போட்டுட்டா. கோவிச்சுக்கிட்டு நீ போயிட்டியோன்னு கூட நினைச்சேன்.

அப்புறம் என் தலைமாட்டுக்கு வந்து குனிஞ்ச பாரு.

இடுப்பு வலிக்காரன், முட்டியைப் புடிச்சுக்கிட்டு, என் மூஞ்சிக்கு நேரா, மூச்சு படற அளவுக்குக் குனிஞ்ச. முதல்ல பாலுக்குள்ள ஒரு கறுப்பு. அப்புறம் அந்தக் குமிழியோட வட்டத்துக்குள்ள, போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி, வெள்ளையா ஒரு மீசை. எப்படா முழுசா நரைச்சுது? என் கல்யாணத்துல பென்சில்ல வரைஞ்ச மாதிரி இருந்த மீசை. அதுக்கப்புறம் மூக்கு, அப்பா மூக்கு. அதுக்கப்புறம் உன் கண்ணு ரெண்டும். நாலு நாளா பாலைத் தவிர எதையும் பாக்காதவளுக்கு முதல்ல தெரிஞ்ச மூஞ்சி அதுதான். ஜவ்வு ஒட்டுதுன்னு எனக்கு டாக்டரம்மாவுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு. நான் அப்ப வாயைத் தொறக்கல. சொன்னா நீ நிமிந்துடுவியோன்னு பயம்.

எவ்ளோ நேரம் அப்படியே நின்ன! உன் மச்சான் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பானோ. எனக்கு அவன் நினைப்பே வரல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். கண்ணுல வெளித் தண்ணி ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லியிருந்தாங்க. மறுநாள் செக்கப்ல, "தண்ணி எதுவும் பட்டுச்சா அம்மா?"ன்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? இல்லைன்னு சாதிச்சுட்டேன். நல்ல வேளை, உன் கண்ணுல இருந்து சொட்டினது என் நெத்தியில விழுந்துச்சு, புருவத்துல தேங்கி நின்னுடுச்சு, கண்ணுக்குள்ள போகல.

அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா. அன்னைக்கு மண்டபத்துல சாப்பிடாம போன சாப்பாடு உனக்கு இன்னும் பாக்கி இருக்கு. மகா ஒரு கும்பிடுதான் போடுவா, வாங்கிக்க. அப்புறம் என் மேல குனியறதா இருந்தா, மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டுக் குனி.

உன் அக்கா
சொர்ணம்